மாப்பிள்ளைத் தோழன் என்றார்கள்

நடுவர் அவர்களே, அவையோரே, வணக்கம். கிருமியிடமிருந்து உடலைக் காப்பதில் பெரும்பங்கு எதிர்ப்பொருளுக்கா, நிரப்புப் புரதத்துக்கா? எதிர்ப்பொருள் என்றால் ஆன்டிபாடி; குறிப்பிட்ட கிருமிக்கென்று உடல் தயாரிக்கும் புரதம். நிரப்புப் புரதம் என்றால் காம்ப்ளிமென்ட்; இரத்தத்தில் எப்போதும் இருக்கும் ஒரு புரதக் குடும்பம். நான் நிரப்புப் புரதத்தின் கட்சி.

எனக்கு முன்னால் பேசிய எதிரணி நண்பர் பலத்த கைதட்டலை அள்ளிக்கொண்டு போனார். என்ன சொன்னார்? "பெயரிலேயே இருக்கிறதே, நிரப்பு! எதிர்ப்பொருள்தான் மாப்பிள்ளை. இது மாப்பிள்ளைத் தோழன். தோழன் வராவிட்டாலும் தாலி கட்டலாம்" என்றார். நடுவர் அவர்களே, நீங்களும் சிரித்தீர்கள். நான் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன்.

தாலி கட்ட முடிகிறதா என்று பார்த்துவிடுவோம். 1895ஆம் ஆண்டு. பாரிஸில் பாஸ்டர் நிறுவனம். ஜூல் போர்டே என்ற பெல்ஜிய நாட்டு இளைஞர். காலராவுக்கு எதிராகத் தடுப்பேற்றிய விலங்கின் சீரத்தை எடுக்கிறார். இரத்தம் உறைந்தபின் தெளிந்து நிற்கும் நீர்தான் சீரம். காலராக் கிருமியோடு கலக்கிறார். கிருமி சிதைந்து போகிறது. அதே சீரத்தைச் சுமார் 55 டிகிரிக்குச் சூடாக்குகிறார். கொதிக்கவைக்கவில்லை அம்மா, ஆற்றிய காபியின் சூடு. மறுபடி கிருமியோடு கலக்கிறார். கிருமி சாகவில்லை!

எதிர்ப்பொருள் எங்கே போயிற்று? எங்கும் போகவில்லை. அந்தச் சூட்டைத் தாங்கி அப்படியே உட்கார்ந்திருக்கிறது. பக்கத்தில் கிருமியும் உட்கார்ந்திருக்கிறது. மாப்பிள்ளை மணமேடையில்; முகூர்த்தம் தாண்டுகிறது; கை எழவில்லை.

இப்போது போர்டே இன்னொரு விலங்கின் சீரத்தைக் கொஞ்சம் விடுகிறார். தடுப்பூசியே போடாத விலங்கு, காலராவைக் கனவிலும் காணாத விலங்கு! கடைசி வரிசைக்கும் கேட்கட்டும், மறுபடியும் சொல்கிறேன்: தடுப்பூசியே போடாத விலங்கு. அதன் பச்சைச் சீரம் சில துளி விழுந்ததும் கிருமி மடிகிறது. சூட்டில் செத்து, புதுச் சீரத்தோடு திரும்பி வந்தது எது? என் கட்சிக்காரர்! போர்டேக்கு 1919ஆம் ஆண்டுக்கான நோபல் பரிசு கிடைத்தது.

பெயரைச் சொல்லித்தானே இடித்தீர்கள்? நிரப்பு என்று பொருள்படும் அந்தப் பெயரைச் சூட்டியவர் ஜெர்மன் அறிவியலாளர் பால் எர்லிச். அதற்கு முன்பே இன்னொரு ஜெர்மன் அறிவியலாளர் ஹன்ஸ் பூக்னர் வைத்த பெயர் அலெக்சின். கிரேக்கத்தில் அதன் வேர்ச்சொல்லுக்குத் தடுத்துக் காத்தல் என்று பொருள். பிறந்தபோது வைத்த பெயர் காவலன் ஐயா! நடுவில் வந்த பெயரைப் பிடித்துக்கொண்டு நையாண்டி செய்வது எந்த ஊர் நியாயம்?

புதிய கிருமி நுழைந்தால் எதிர்ப்பொருள் தயாராகி வர ஏறக்குறைய ஒரு வாரம் ஆகும். மாப்பிள்ளை அழைப்புக்கே ஒரு வாரம்! சி3 என்ற நிரப்புப் புரதமோ இரத்தத்தில் எப்போதும் ஓடிக்கொண்டிருக்கிறது. அது இரண்டாக உடையும். பெரிய துண்டு கிருமியின் மேல் பசைபோல் ஒட்டிக்கொள்ளும். "இதைத் தின்னு" என்று வெள்ளையணுவுக்கு அடையாளம் காட்டும். பின்னால் சி5 முதல் சி9 வரை வரிசையாகச் சேர்ந்து கிருமியின் தோலில் துளை போடும். அந்த வரிசையில் ஒருவர் பிறவியிலேயே இல்லாவிட்டால், எதிர்ப்பொருள் நிறைய இருந்தும், மூளையுறைக் காய்ச்சல் தரும் ஒருவகைக் கிருமி திரும்பத் திரும்பத் தாக்கக்கூடும்.

இத்தோடு முடித்திருப்பேன். தோழன் என்ற அந்தச் சொல் விடமாட்டேன் என்கிறது.

நம் உடலில் நாள்தோறும் எத்தனையோ செல்கள் இறக்கின்றன. அவற்றைத் தொட்டு, அப்புறப்படுத்தத் துணைநிற்பதும் இந்தக் குடும்பத்துச் சி1க்யூதான். அது இல்லாமல் பிறந்தவர்களில் பெரும்பாலோருக்கு, உடலே உடலைத் தாக்கும் லூபஸ் நோய் வருகிறது.

என் அப்பா இறந்த அன்று கொள்ளிச்சட்டி ஏந்தியவன் நான். ஊர் என்னைத்தான் பார்த்தது. தோள் கொடுத்த நான்கு பேரில் ஒருவர் எங்கள் தெருவில் துணி தேய்ப்பவர். எங்கள் வீட்டுப் பத்திரிகை எதிலும் அவர் பெயர் வந்ததில்லை. சுடுகாடு வரை தோள் மாற்றாமல் வந்தார். எல்லாம் முடிந்ததும் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, யாரிடமும் சொல்லாமல் நடந்தார். அவரைத் துணைக்கு வந்தவர் என்று சொல்ல எனக்கு நா எழாது.

தீர்ப்பு உங்கள் கையில், நடுவர் அவர்களே. வணக்கம்.