மனிதனை இரண்டே சென்டிமீட்டரில் வென்ற குதிரை! பிறவியிலேயே தாவத் தெரிந்த குதிரையைக் கண்டுபிடிப்பது எப்படி?

[திரையில் இரண்டு எண்கள் மட்டும்: 2.45, 2.47]

வணக்கம். இந்த இரண்டு எண்களையும் கொஞ்சம் பாருங்கள்.

முதல் எண், மனிதன் உயரம் தாண்டியதில் உலக சாதனை. கியூபாவின் ஹவியர் சோட்டோமயோர் 1993-ல் ஸ்பெயினின் சலமாங்கா நகரில் 2.45 மீட்டர் தாண்டினார். இரண்டாவது எண், குதிரை தாண்டியதில் உலக சாதனை. 1949 பிப்ரவரி 5, சிலி நாட்டின் வீனா தெல் மார் நகரம். உவாசோ என்ற குதிரை, கேப்டன் அல்பெர்த்தோ லார்ராகிபெலை முதுகில் சுமந்துகொண்டு 2.47 மீட்டர் தாண்டியது. அந்தச் சாதனை இன்றுவரை உடையவில்லை.

வித்தியாசம் இரண்டு சென்டிமீட்டர். ஒரு விரல் அகலம்! அரை டன் விலங்குக்கும் ஒல்லியான ஒரு மனிதனுக்கும் நடுவில் அவ்வளவுதான்.

இருங்கள், இன்னும் இருக்கிறது. நீளம் தாண்டுதலுக்கு வருவோம். குதிரையின் சாதனை 8.40 மீட்டர். 1975-ல் ஜோகன்னஸ்பர்க்கில், தண்ணீருக்கு மேலே. அந்தக் குதிரையின் பெயர் 'சம்திங்'. சத்தியமாக அதுதான் பெயர். மனிதனின் சாதனை? 1991-ல் டோக்கியோவில் மைக் பவல் தாண்டிய 8.95 மீட்டர். ஆக, நீளத்தில் குதிரையை அரை மீட்டருக்கு மேல் தோற்கடித்துவிட்டோம். ஒரு நியாயமும் சொல்லிவிடுகிறேன்: பவல் யாரையும் முதுகில் தூக்கிக்கொண்டு ஓடவில்லை.

பெயரிலேயே 'குதி' வைத்திருக்கும் விலங்கு இது. ஆனால் மேய்ச்சல் நிலத்தில் விட்டுப் பாருங்கள், குறுக்கே ஒரு மரம் விழுந்து கிடந்தால் பெரும்பாலான குதிரைகள் சுற்றிக்கொண்டுதான் போகும். அவற்றில் எது பிறவித் தாவல்காரன் என்று எப்படிச் சொல்வது? அதுதான் இன்றைய வீடியோ.

[திரையில்: ஒரே தடை, 1.20 மீட்டர். மூன்று குதிரைகள் வரிசையாகத் தாவுகின்றன]

முதலில் ஒரு சின்னப் பரீட்சை. முதல் குதிரை, இந்தத் தடைக்கு மேலே இன்னொரு தடை வைக்கலாம் என்கிற அளவுக்கு எகிறுகிறது. இரண்டாவது குதிரை முன்னங்கால்களைத் தாடைவரை மடக்கி, காலண்டர் படம் மாதிரி தாண்டுகிறது. மூன்றாவது குதிரை பின்குளம்பால் கம்பைத் தட்டிவிட்டது. கம்பு கீழே. மூன்றில் ஒன்றைத்தான் எடுத்துக்கொள்ளலாம் என்றால் எதை எடுப்பீர்கள்? வீடியோவை நிறுத்திவிட்டு கமென்டில் எழுதுங்கள். கடைசியில் பார்த்துவிட்டுத் திருத்தக்கூடாது, திருத்தினால் 'எடிட் செய்யப்பட்டது' என்று காட்டிக்கொடுத்துவிடும்.

விளையாட்டின் விதி ஒரு மூச்சில்: ஷோ ஜம்ப்பிங்கில், அதாவது குதிரை ஆளைச் சுமந்துகொண்டு வரிசையாகத் தடைகளைத் தாண்டும் போட்டியில், கம்புகள் ஆழமில்லாத கிண்ணம் போன்ற தாங்கிகளில் சும்மாதான் உட்கார்ந்திருக்கும், லேசாகத் தட்டினாலும் உருளும், விழுந்தால் 4 தண்டப் புள்ளி, குதிரை தாவ மறுத்தாலும் 4. ஒலிம்பிக் அளவில் தடைகள் சுமார் 1.60 மீட்டர். போதும்.

இனி எனக்குப் பிடித்த பகுதி. கொஞ்சம் நீளமாகத்தான் பேசுவேன், மன்னிக்கவும்.

1968, மெக்சிகோ ஒலிம்பிக். டிக் ஃபாஸ்பரி என்ற அமெரிக்கர் உயரம் தாண்ட ஓடிவந்து, முதுகைக் கம்புக்குக் காட்டி, தலைகீழாக விழுவதுபோல் 2.24 மீட்டர் தாண்டித் தங்கம் வாங்கினார். இன்று எல்லோரும் அப்படித்தான் தாண்டுகிறார்கள். அதில் என்ன சூட்சுமம்? உடம்பு மொத்தமும் ஒரே நேரத்தில் கம்புக்கு மேலே இருக்க வேண்டியதில்லை. தலை போகும்போது கால் கீழே இருக்கிறது. இடுப்பு போகும்போது தலை அந்தப் பக்கம் இறங்கிவிட்டது. முதுகு வில்லாக வளைவதால், உடம்பின் ஈர்ப்பு மையம் கம்புக்குக் கீழே போனால்கூட உடம்பு மேலே போய்விடும்! அதாவது உடம்பைத் தூக்குகிற உயரம் வேறு, தாண்டுகிற உயரம் வேறு.

இப்போது குதிரைக்கு வாருங்கள். நல்ல குதிரை தாவும்போது கழுத்து முன்னே நீண்டு கீழே இறங்கும். கழுத்து முடிந்து முதுகு தொடங்கும் அந்த மேடுதான் வளைவின் உச்சி. முன்னங்கால்கள் தாண்டியதும் உடம்பு தராசுத் தட்டு மாதிரி முன்பக்கம் சாய, பின்பக்கம் மேலே வரும். இந்த வளைவுக்கு பாஸ்க்யூல் என்று பெயர். பிரெஞ்சில் ஏற்றப் பலகை, தராசு எல்லாவற்றுக்கும் அதே சொல்தான். ஃபாஸ்பரி முதுகைக் கீழே காட்டி வளைத்த வில்லை, குதிரை வயிற்றைக் கீழே காட்டி வளைக்கிறது. உடம்பைத் துண்டு துண்டாகத் தாண்டவைக்கும் கணக்கு இரண்டிலும் ஒன்றேதான்.

இதில் ஒரு வேடிக்கை. குதிரையின் முதுகெலும்பு நாம் நினைக்கிற அளவுக்கு வளையவே வளையாது. சேணம் வைக்கிற பகுதி ஏறக்குறைய ஒரு பலகை. பெரிய மடிப்பு நடப்பது இடுப்பு முதுகெலும்பு முடிந்து பிட்டத்து எலும்பு தொடங்கும் மூட்டில். அதனால் 'ஆஹா, முதுகு எப்படி வளைகிறது' என்று யாராவது சொன்னால், அவர்கள் உண்மையில் பார்ப்பது கழுத்து இறங்குவதையும் இடுப்பு மடங்குவதையும்தான்.

அப்புறம் இன்னொன்று, இதை நான் சொல்லாமல் போனால் எனக்குத் தூக்கம் வராது. அதே 1968 மெக்சிகோ ஒலிம்பிக்கில், ஷோ ஜம்ப்பிங் தனிநபர் போட்டியில் வெள்ளி வாங்கியது யார் தெரியுமா? ஸ்ட்ரோலர் என்ற குட்டைக் குதிரை. குதிரைகூட இல்லை, போனி! தோள் உயரம் சுமார் 145 சென்டிமீட்டர். மேரியன் கோக்ஸ் என்ற பிரிட்டிஷ் பெண் அதை ஓட்டினார். தன்னைவிட உயரமான தடைகளை அது தாண்டியது. உயரமான குதிரைதான் உயரம் தாண்டும் என்று நினைப்பவர்களுக்கு அந்த ஒரு போனி போதும்.

சரி, கண்ணை எங்கே வைக்க வேண்டும்?

நல்ல வாங்குபவர்கள் குதிரையின் மேல் யாரையும் ஏற்றாமல் முதலில் பார்ப்பார்கள். இரண்டு பக்கமும் வேலி போட்ட பாதையில் சில தடைகளை வைத்துக் குதிரையைத் தனியாக ஓடவிடுவார்கள். இதற்கு ஃப்ரீ ஜம்ப்பிங் என்று பெயர். ரைடர் கெட்டிக்காரர் என்றால் சுமாரான குதிரையும் ஜொலிக்கும், ரைடர் சொதப்பினால் நல்ல குதிரையும் சொதப்பும். அதனால்தான் ஆளை இறக்கிவிடுவது. நெதர்லாந்தின் கேடபிள்யூபிஎன் என்ற இனப்பெருக்க அமைப்பு, எழும்பும் திசை, எழும்பும் வேகம், முன்னங்கால், முதுகு, பின்பக்கம், தாவும் வல்லமை, நெகிழ்வு, கவனம் என்று தனித்தனியாகக் குறித்துக்கொள்கிறது. 'அழகு' என்று அதில் ஒரு கட்டம் இல்லை, கவனித்தீர்களா?

[திரையில்: தடைக்கு முந்தைய கடைசி எட்டு, அதாவது கடைசிக் காலடி, மெதுவாக]

எல்லோரும் குதிரை காற்றில் இருப்பதைப் பார்க்கிறார்கள். காற்றில் போனபின் அதனால் பெரிதாக எதையும் மாற்ற முடியாது. எறிந்த பந்து எப்படிப் போகும் என்பது கையை விட்டபோதே முடிவாகிவிட்டது, இல்லையா? அதனால் தரையில் இருக்கும் கடைசி எட்டைப் பாருங்கள். முன்னங்கால்கள் தரையில் ஊன்றி உடம்பின் முன்பக்கத்தை மேலே தள்ளுகின்றன. உடனே பின்னங்கால்கள் இரண்டும் அருகருகே வந்து, வயிற்றுக்கு அடியில் ஊன்றி உதைக்கின்றன. உதைத்த குளம்பு எவ்வளவு சீக்கிரம் தரையை விடுகிறது என்று பாருங்கள். சூடான கல்லை மிதித்ததுபோல் விட்டால் நல்லது. சேற்றில் இழுபட்டதுபோல் இருந்தால், தடை உயர உயரச் சிக்கல்தான்.

முன்னங்காலைப் பற்றி ஒரு தகவல். நமக்கு இருக்கும் காறை எலும்பு குதிரைக்குக் கிடையாது. முன்னங்காலை உடம்போடு இணைக்க ஒரு எலும்பு மூட்டுகூட இல்லை, வெறும் தசையும் நாரும்தான். இரண்டு முன்னங்கால்களுக்கு நடுவே நெஞ்சுக்கூடு தூளியில் தொங்குவதுபோல் தொங்குகிறது! அதனால் தோள்பட்டை எலும்பு தாராளமாக நகரும். நல்ல குதிரை முட்டியிலிருந்து காலைத் தூக்காது, தோளிலிருந்து தூக்கும். முட்டி மேலே வந்து முன்கை கிடைமட்டமாகவோ அதற்கு மேலேயோ நின்றால் சரி. முட்டி தரையைப் பார்த்துத் தொங்கினால், அந்தக் குதிரையை அசையாத கட்டைகள் மேல் தாவவிடவே கூடாது. முன்கை இடித்தால் குதிரை ஆளோடு சேர்ந்து குட்டிக்கரணம் போடும்.

ஆனாலும் சொல்கிறேன், முன்னங்கால் அழகில் மயங்காதீர்கள். போட்டோக்காரர்கள் முன்னால் நின்று படம் எடுப்பதால் அது பிரபலமாகிவிட்டது. என் ஓட்டு பின்னங்காலுக்கு.

ஏன்? குதிரையின் கண்கள் தலையின் பக்கவாட்டில் இருக்கின்றன. நெற்றிக்கு நேர் முன்னால் ஒரு குருட்டு இடம் உண்டு. தடையை நெருங்கி எழும்பும் கடைசிக் கணத்தில் தடை ஏறக்குறைய அதற்குள் மறைந்துவிடும். பின்னங்கால்கள் கம்பைத் தாண்டும்போதோ கம்பு எப்போதோ கண்ணைவிட்டுப் போய்விட்டது. அப்படியானால் பின்னங்கால்கள் எதை வைத்துத் தாண்டுகின்றன? நினைவையும் உடம்பின் கணக்கையும் வைத்துத்தான். அந்தக் கணத்தில் இடுப்பை விரித்து, குளம்புகளைப் பின்னால் வீசிக்கொண்டு போகிற குதிரை, 'இங்கே ஒரு கம்பு இருந்தது, இன்னும் இருக்கிறது' என்று மறக்காத குதிரை. கம்பின் பெயின்ட் நிறமெல்லாம் பெரும்பாலும் நமக்குத்தான். குதிரைக்கு ஆரஞ்சும் பச்சையும் கிட்டத்தட்ட ஒன்று.

இங்கேதான் கவனம் என்ற குணம் வருகிறது. கம்பைத் தொடுவதே பிடிக்காத குதிரை இருக்கிறது. 'விழுந்தால் விழட்டும்' என்று போகிற குதிரையும் இருக்கிறது. இரண்டாவது வகையை முதல் வகையாக மாற்ற, தாவும்போது கம்பை உயர்த்திக் காலில் அடிக்கும் கொடுமையை ஒரு காலத்தில் செய்தார்கள். இன்று சர்வதேசப் போட்டிகளில் தடை செய்யப்பட்ட விஷயம். தடை செய்தது ரொம்பச் சரி. அடித்து வருவது பயம். பயந்த குதிரை இன்று உயரமாகத் தாவும், நாளை தடை முன்னால் நின்றுவிடும்.

கவனத்தோடு மூளையும் இருந்தால்? 1956 ஒலிம்பிக், குதிரைப் போட்டிகள் மட்டும் ஸ்டாக்ஹோமில் நடந்தன. ஜெர்மனியின் ஹான்ஸ் குண்டர் விங்க்லருக்கு முதல் சுற்றிலேயே தொடை இடுக்குத் தசை கிழிந்துவிட்டது. இரண்டாவது சுற்றில் வலியோடு உட்கார்ந்திருக்கத்தான் முடிந்தது. ஹல்லா என்ற அந்தப் பெண் குதிரை ஒரு கம்பைக்கூடத் தட்டாமல் சுற்றை முடித்துத் தங்கம் வாங்கிக் கொடுத்தது. ஹல்லாவுக்கு ஒரு லைக் போடலாமே.

இதெல்லாம் குட்டியிலேயே தெரியுமா? நெதர்லாந்தில் ஆறு மாதக் குட்டிகளைத் தடை மேல் ஓடவிட்டுப் படம் எடுத்து, வளர்ந்தபின் அதே குதிரைகளோடு ஒப்பிட்டுப் பார்த்தார்கள். குட்டியில் தெரிந்த பாணியின் சாயல் பின்னாலும் இருந்தது. விளையும் பயிர் முளையிலேயே.

ஆனால் முளையை யாராவது உட்கார்ந்து பார்க்க வேண்டுமே! 1956-ல் அமெரிக்காவில் ஹாரி டிலேயர் என்பவர், இறைச்சிக்குப் போகும் லாரியிலிருந்த ஒரு வெள்ளை ஏர்க்குதிரையை 80 டாலருக்கு வாங்கினார். ஸ்னோமேன். பிறகு அக்கம்பக்கத்தில் ஒருவருக்கு விற்றும் விட்டார். அது வேலிகளைத் தாண்டித் தாண்டி டிலேயர் வீட்டுக்கே திரும்பி வந்தது. அப்போதுதான் அவருக்கே விஷயம் புரிந்தது. 1958-ல் நியூயார்க்கின் மேடிசன் ஸ்கொயர் கார்டனில் அதே குதிரை சாம்பியன். நம் உவாசோவும் அப்படித்தான்: பந்தயத்தில் சோபிக்காத குதிரை, சாதனை படைத்தபோது வயது 16, அதுவும் அன்றைய மூன்றாவது முயற்சியில்.

[திரையில்: மீண்டும் அந்த மூன்று குதிரைகள்]

சரி, பரீட்சைக்கு வருவோம். முதல் குதிரை தேவைக்கு மேல் எகிறியது. அது திறமையாகவும் இருக்கலாம், பீதியாகவும் இருக்கலாம். அதே தடையை ஐந்தாவது முறை தாவும்போது எகிறல் குறைந்து உடம்பு இளகினால் திறமை. கண் வெள்ளை தெரிய இன்னும் எகிறினால் பீதி. இரண்டாவது குதிரை காலண்டர் அழகு. ஆனால் கேமரா பின்பக்கத்தைக் காட்டவே இல்லை. விற்பவர் அனுப்பும் வீடியோ அப்படி இருந்தால் பின்பக்கத்தைக் கேட்டு வாங்குங்கள்.

மூன்றாவது குதிரை கம்பைத் தட்டியது. நிறையப் பேர் அதைக் கழித்துவிட்டிருப்பீர்கள். அதன் இரண்டாவது தாவலை நான் இன்னும் காட்டவில்லை.

[திரையில்: மூன்றாவது குதிரை. அதே தடை. காது இரண்டும் முன்னால். கடைசி எட்டைச் சுருக்கிக்கொள்கிறது. பின்குளம்புகள் கம்புக்கு ஒரு சாண் மேலே விரிகின்றன]

காதைப் பார்த்தீர்களா? யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை, முதுகில் ஆளும் இல்லை. எட்டைத் தானாகவே சுருக்கிக்கொண்டது. நான் இதைத்தான் எடுப்பேன். நீங்கள் வேறு ஒன்றைச் சொல்லியிருந்தால் காரணத்தோடு கமென்டில் சண்டைக்கு வாருங்கள், காத்திருக்கிறேன்.