உத்தரவு, மாஸ்டர்

அவையோருக்கு வணக்கம். முன் வரிசையில் உட்கார்ந்திருக்கும் என் மாஸ்டருக்குத் தனியாக ஒரு வணக்கம்.

சிலம்பத்தின் பெருமையைப் பேசச் சொல்லி என்னை அழைத்தார்கள். அது உங்கள் எல்லாருக்கும் தெரிந்தது. நான் மாஸ்டரைப் பற்றியே பேசுகிறேன்.

1991இல் எனக்குப் பத்து வயது. மாஸ்டருக்கு பினாங்குத் தீவுக்கு அக்கரையில், பட்டர்வொர்த்தில் மூட்டை தூக்கும் வேலை. பினாங்குப் பாலம் 1985இலேயே திறந்தாயிற்று. பாலத்தில் வர வண்டி வேண்டுமே! வேலை முடிந்ததும் ஃபெரி ஏறி, ஜார்ஜ்டவுனில் இறங்கி, எங்கள் கோயில் திடலுக்கு நடந்தே வருவார். கட்டணமென்று ஒரு வெள்ளிக்காசு வாங்கியதில்லை. பொம்பளைப் பிள்ளைக்குக் கம்பு எதற்கு என்று கேட்டவர்களிடம், "அவளுக்கும் ரெண்டு கால் இருக்குல்ல?" என்பார்.

கால்தான் அவருக்கு முதல் பாடம். மூன்று மாதம் கம்பையே தொடவிடவில்லை. வெறும் சுவடு, கால் எடுத்து வைக்கும் முறை மட்டும். ஒரு ஞாயிற்றுக்கிழமை எங்களை ஃபெரியில் ஏற்றி, கம்பியைப் பிடிக்காமல் நிற்கச் சொன்னார். அலை தூக்கும்போது பாதம் எங்கே அழுந்துகிறது, முழங்கால் எப்போது இளகுகிறது என்று கவனிக்க வேண்டும். அக்கரை போய்ச் சேர்வதற்குள் எத்தனை முறை தடுமாறினேனோ! இன்றும் யாராவது என்னிடம் கோபமாகப் பேசினால், என் முழங்கால்தான் முதலில் இளகுகிறது.

பிறகு கம்பு வந்தது. நம் முன்னோர் ஊரில் மூங்கில் பிடித்தவர்கள், இங்கே பிரம்பு. நெற்றிக்குச் சரியாக அளந்து வெட்டி, எண்ணெய் தடவிக் கொடுத்தார். சண்டைப் பயிற்சியில் நுனியில் திருநீறு பூசுவார். எங்கே பட்டது என்று சட்டையே சொல்லிவிடும். அவர் வீசினால் காற்று கிழியும், ஆனால் என் புருவத்துக்கு ஒரு விரற்கடை முன்னால் கம்பு நின்றுவிடும். திருநீறு என் இமையில் உதிரும், கம்பு படாது.

எனக்கு அந்த நிறுத்தம் வரவில்லை. பதினான்கு வயதில், என்னைக் கேலி செய்த ஒரு தம்பியைப் பயிற்சியென்ற பேரில் ஓங்கி அடித்தேன். மணிக்கட்டு கண்ணெதிரே வீங்கியது. மாஸ்டர் ஒரு சொல் திட்டவில்லை. என் கம்பை வாங்கிச் சுவரோரம் சாய்த்துவிட்டு, "அவங்க அம்மாகிட்ட நீயே போய்ச் சொல்லு" என்றார். போனேன். அந்த அம்மா என்னை ஏசுவார் என்று நினைத்தேன். தே தண்ணி கலக்கிக் கொடுத்தார். அதுதான் தாங்க முடியவில்லை.

கை ஆறும்வரை, ஆறு வாரம், அவன் புத்தகப்பையை நான்தான் சுமந்தேன். சில சாயங்காலங்களில் மாஸ்டரும் கொஞ்ச தூரம் கூடவே நடந்து வருவார். எதுவும் பேசமாட்டார். மூட்டை தூக்கிக் களைத்த உடம்பு, ஃபெரியைப் பிடிக்க வேண்டிய அவசரம், எல்லாம் இருந்தும் எனக்காக நடந்தார். அது தண்டனையில்லை, துணை என்று எனக்குப் பிள்ளைகள் பிறந்த பிறகுதான் விளங்கியது.

அந்தத் தம்பியும் இங்கே வந்திருக்கிறான். என் வகுப்பில் சின்னப் பிள்ளைகளுக்குச் சுவடு சொல்லித் தருவது அவன்தான். எங்கள் மாணவர்கள் இருபது பேர் மேடைக்குக் கீழே கம்போடு காத்திருக்கிறார்கள். குருவின் உத்தரவில்லாமல் கம்பு எடுக்கும் வழக்கம் எங்களுக்கு இல்லை.

மாஸ்டர், உங்களுக்கு இப்போது எழுந்து நிற்க முடியாது. கையை மட்டும் அசைத்தால் போதும்.