பைன் காட்டில் இறங்கிய துக்கம்

அன்புள்ள நேயர்களுக்கு வணக்கம்.

2003-ஆம் ஆண்டு பிப்ரவரி 1-ஆம் தேதி, சனிக்கிழமை காலை எட்டு மணி. அமெரிக்காவின் டெக்சஸ் மாநிலத்துக் கிழக்கு ஓரத்தில், பைன் மரக் காடுகளுக்கு நடுவே இருக்கும் சிற்றூர்களில் திடீரென்று வீடுகள் அதிர்ந்தன. சன்னல் கண்ணாடிகள் கிடுகிடுத்தன. இடி என்றால் ஓரிரு நொடிகளில் அடங்கிவிடும். இந்தச் சத்தமோ அடங்காமல் உருண்டுகொண்டே இருந்தது. நிலத்தடியில் போகும் எரிவாயுக் குழாய் வெடித்துவிட்டது என்று சிலர் நினைத்தார்கள். சரக்கு ரயில் தடம் புரண்டுவிட்டது என்று சிலர் நினைத்தார்கள். தம் தலைக்கு மேலே, ஏறத்தாழ 60 கிலோமீட்டர் உயரத்தில், மணிக்கு சுமார் 20,000 கிலோமீட்டர் வேகத்தில் வந்துகொண்டிருந்த கொலம்பியா விண்வெளி ஓடம் சிதறிப்போன ஓசைதான் அது என்பது, வீட்டுக்குள் ஓடிப்போய்த் தொலைக்காட்சியைப் போட்ட பிறகே அவர்களுக்குத் தெரிந்தது.

அதே நேரத்தில் புளோரிடாவில், கென்னடி விண்வெளி மையத்தின் ஓடுபாதை அருகே, ஏழு வீரர்களின் குடும்பங்களும் காத்திருந்தன. தரையிறங்க இன்னும் 16 நிமிடங்களே இருந்தன. விண்வெளி ஓடம் நெருங்கும்போது வழக்கமாகக் கேட்கும் இரட்டை முழக்கம் அன்று கேட்கவில்லை. நேரத்தைக் குறைத்துக் காட்டிக்கொண்டே வந்த பெரிய மின்கடிகாரம் பூஜ்யத்தைத் தொட்டது. பிறகு, யாரும் வந்து சேராமலேயே, மேல்நோக்கி எண்ணத் தொடங்கியது.

ரிக் ஹஸ்பண்ட், வில்லியம் மெக்கூல், மைக்கேல் ஆண்டர்சன், டேவிட் பிரவுன், லாரல் கிளார்க், இஸ்ரேலின் முதல் விண்வெளி வீரரான இலான் ரமோன், நம் நாட்டில் ஹரியானாவின் கர்னால் நகரில் பிறந்து வளர்ந்த கல்பனா சாவ்லா ஆகிய ஏழு பேரும் 16 நாள் பயணத்தை முடித்து வீடு திரும்பிக்கொண்டிருந்தவர்கள்.

அந்த ஏழு பேரைப் பற்றி நிறையப் பேசியிருக்கிறோம். இன்று நான் பேச வந்திருப்பது அவர்களுக்காகத் துக்கம் காத்த மனிதர்களைப் பற்றி. அவர்களில் பெரும்பாலோர் அந்த வீரர்களைப் பார்த்ததே இல்லை. விபத்து நடக்கும்வரை பெயரைக்கூடக் கேட்டிராதவர்களே அதிகம்.

இதற்கு 17 ஆண்டுகளுக்கு முன், 1986 ஜனவரி 28 அன்று, சேலஞ்சர் விண்வெளி ஓடம் புறப்பட்ட 73 நொடிகளில் சிதறியதை மூத்த நேயர்கள் நினைவில் வைத்திருக்கக்கூடும். அதில் கிறிஸ்டா மெக்காலிஃப் என்ற பள்ளி ஆசிரியை போனார். கான்கார்ட் என்ற ஊரில் அவர் பணியாற்றிய பள்ளியின் மாணவர்கள், கொண்டாட்டத் தொப்பிகள் அணிந்து, அரங்கில் ஒன்றாக அமர்ந்து அதை நேரலையில் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அது கண்ணால் பார்த்த துக்கம். வெள்ளைப் புகை இரண்டு கிளைகளாகப் பிரிந்த அந்தக் காட்சியைத் திரும்பத் திரும்பப் பார்ப்பதைத் தவிர மக்களால் வேறொன்றும் செய்ய முடியவில்லை. கடலில் விழுந்ததைக் கடற்படையும் கடலோரக் காவல் படையும் தேடின. கொலம்பியா விழுந்தது மக்களின் வயல்களில், கொல்லைப்புறங்களில், கூரைகளில், சாலை ஓரங்களில். அதனால் அந்தத் துக்கம் மக்களின் கைக்கே வந்து சேர்ந்தது.

சபைன் கவுண்டி என்ற பகுதியில் ஹெம்ப்ஹில் என்று ஓர் ஊர் இருக்கிறது. சுமார் ஆயிரம் பேர் வாழும் ஊர். மரம் வெட்டுவதும் ஏரியில் மீன் பிடிப்பதுமாக வாழும் மக்கள். விண்வெளி ஓடத்தின் முன்பகுதி அந்த வட்டாரத்தில்தான் விழுந்தது. ஏழு வீரர்களின் உடல்களும் அங்கே விழுந்தன என்பதை இரண்டொரு நாளில் ஊர் புரிந்துகொண்டது. அவர்கள் யாருடைய உத்தரவுக்கும் காத்திருக்கவில்லை. தன்னார்வத் தீயணைப்பு வீரர்களும் வேட்டைக்குப் போய்க் காட்டுத் தடம் அறிந்தவர்களும் குளிரில் இறங்கித் தேடத் தொடங்கினார்கள்.

பைன் காடு என்றதும் படங்களில் பார்க்கும் அழகான காட்டை நினைத்துக்கொள்ள வேண்டாம். அடர்ந்த முட்புதர், சேற்று ஓடை, குளம், பாம்பு நடமாட்டம். ஒருவருக்கு ஒருவர் சில அடி இடைவெளி விட்டு, ஒரே வரிசையாக, தரையை விட்டுக் கண்ணை எடுக்காமல் நடப்பார்கள். வழியில் முட்புதர் வந்தால் அதைச் சுற்றிக்கொண்டு போகக்கூடாது. ஊடே நுழைந்துதான் போக வேண்டும், ஏனென்றால் தேடுவது அதற்குள்ளேயே இருக்கக்கூடும். கையளவு உலோகத் துண்டு கிடைத்தால் முழு வரிசையும் நிற்கும். இடத்தைக் குறித்துக்கொண்டு, மீண்டும் நடப்பார்கள். வீரர் ஒருவரின் உடல் கிடைத்தால், அந்த ஏழு பேருடன் பயிற்சி பெற்ற சக விண்வெளி வீரர் ஒருவர் அங்கே வரவழைக்கப்படுவார். உள்ளூர்ப் பாதிரியார் வந்து ஜெபம் செய்வார். தேடியவர்கள் தொப்பியைக் கழற்றிவிட்டுத் தலை குனிந்து நிற்பார்கள். அதன் பிறகே உடலை எடுப்பார்கள். இரண்டு வாரங்களுக்குள் ஏழு பேரும் கண்டெடுக்கப்பட்டார்கள்.

ஊருக்குள்ளே வேறொரு வேலை நடந்தது. முன்னாள் படைவீரர் சங்கத்தின் கூடம் ஒன்று அங்கே உண்டு. ஊர்ப் பெண்கள் அதைச் சமையற்கூடமாக மாற்றினார்கள். தேடப் போகிறவர்களுக்கு விடியற்காலையில் சூடான உணவு, கையோடு கொண்டுபோக மதிய உணவுப் பொட்டலம், இரவு திரும்பி வந்ததும் மறுபடி சூடான உணவு. வீட்டுக்கு வீடு கோழியும் ரொட்டியும் கேக்கும் வந்து குவிந்தன. நம் ஊர்களில் துக்க வீட்டில் அடுப்புப் பற்றவைக்க மாட்டோம். அக்கம்பக்கத்தார்தான் சோறு கொண்டுவந்து, “ஒரு வாய் சாப்பிடுங்க” என்று வற்புறுத்துவார்கள். ஹெம்ப்ஹில் பெண்களுக்கு நம் வழக்கம் தெரிந்திருக்க நியாயமில்லை. ஆனாலும் அவர்கள் செய்தது அதுவேதான். இழவு நிகழ்ந்தது வானத்தில் என்பது மட்டுமே வேறுபாடு.

பிறகு தேடுதல் பெரிதாகியது. நாட்டின் பல பகுதிகளிலிருந்து காட்டுத்தீ அணைக்கும் குழுக்கள் வந்து சேர்ந்தன. அவற்றில் அமெரிக்கப் பழங்குடியினரின் குழுக்கள் கணிசமாக இருந்தன. மொத்தத்தில் 25,000-க்கும் மேற்பட்டோர் மூன்று மாதங்கள் அந்த மண்ணை அலசினார்கள். 84,000 துண்டுகள் கிடைத்தன. எடைக் கணக்கில் ஓடத்தின் 38 விழுக்காடு. மார்ச் 19 அன்று ஹெம்ப்ஹில் அருகே நடந்த ஒரு குழு, காட்டுத் தரையில் ஒரு பெட்டியைக் கண்டது. ஓடத்தின் உணர்கருவிகள் சொன்னதையெல்லாம் நாடாவில் பதிந்துவைத்த பெட்டி அது. உள்ளே பதிவு கெடாமல் இருந்தது. இடது இறக்கையில்தான் கேடு தொடங்கியது என்பதை அது ஐயமறக் காட்டியது. மார்ச் 27 அன்று, தேடிக்கொண்டிருந்த ஹெலிகாப்டர் ஒன்று ஏஞ்சலினா வனப் பகுதியில் விழுந்து, விமானி ஜூல்ஸ் மியர், வனத்துறையைச் சேர்ந்த சார்ல்ஸ் கிரெனெக் ஆகிய இருவர் உயிரிழந்தார்கள். கொலம்பியாவின் பெயரைச் சொல்லும்போது ஏழு பேரோடு இந்த இருவரையும் சேர்த்தே நான் நினைத்துக்கொள்வது வழக்கம்.

எல்லாரும் இப்படி இருந்தார்கள் என்று சொல்ல முடியாது. கிடைத்த துண்டை நினைவுப் பொருளாக எடுத்து ஒளித்தவர்கள் இருந்தார்கள். இணைய ஏலத்தில் விற்பனைக்கு வைத்தவர்களும் இருந்தார்கள். திருப்பித் தந்தால் வழக்கு இல்லை என்று அரசு ஒரு கெடு விதித்தது. பலர் திருப்பித் தந்தார்கள். தராத சிலர் மீது வழக்கும் பாய்ந்தது. அவர்களைப் பற்றி இதற்கு மேல் பேச எனக்கு மனமில்லை.

ஹூஸ்டனில், வீரர்கள் பயிற்சி பெற்ற ஜான்சன் விண்வெளி மையத்தின் வாயிலில், அன்று பிற்பகலிலிருந்தே மக்கள் வரத் தொடங்கினார்கள். பூங்கொத்து, பலூன், கொடி, மெழுகுவர்த்தி, குழந்தைகள் கிறுக்கலாய் எழுதிய கடிதங்கள், கரடி பொம்மைகள். சில நாள்களில் அந்த வாயில் பூக்களால் மூடிப்போனது.

கர்னாலில் அப்போது மாலை ஏழரை மணி. கல்பனா படித்த தாகூர் பால் நிகேதன் பள்ளியில், தம் அக்கா பத்திரமாக இறங்குவதைக் கொண்டாட மாணவர்கள் கூடியிருந்தார்கள். அந்தப் பள்ளியிலிருந்து ஆண்டுதோறும் இரண்டு பிள்ளைகள் நாசாவுக்குப் போய்வர ஏற்பாடு செய்தவர் அவர். ஆகவே அந்தப் பிள்ளைகளுக்குக் கல்பனா பாடப்புத்தகத்துப் படம் மட்டும் இல்லை, வீட்டுக்கு அழைத்து உபசரித்த உறவு. ஆட வந்த பிள்ளைகள் அழுதுகொண்டு கலைந்தார்கள்.

நான் அப்போது ஒரு சிறு நகரத்துப் பெண்கள் பள்ளியில் இயற்பியல் ஆசிரியை. திங்கட்கிழமை ஒன்பதாம் வகுப்புக்குள் நுழைந்தபோது, கரும்பலகையில் கல்பனாவின் செய்தித்தாள் படம் ஒட்டப்பட்டிருந்தது. படத்தைச் சுற்றி ஒரு முழம் கனகாம்பரம். தலையில் வைத்துக்கொண்டு வந்த பூவை யாரோ ஒரு மாணவி எடுத்துச் சுற்றியிருக்கிறாள். ஒட்டும் தாளின் ஓரம் பிய்ந்து, சரம் ஒரு பக்கமாகத் தொங்கியது. வளிமண்டல உராய்வு, வெப்பக் காப்பு ஓடு என்று விளக்குவதற்குக் குறிப்புகளோடு போயிருந்தேன். கடைசி வரிசையில் இருந்த ஒரு பெண் எழுந்து, “டீச்சர், அவங்க திரும்பி வந்துக்கிட்டுதானே இருந்தாங்க?” என்று மட்டும் கேட்டாள். என் குறிப்புகளில் அதற்கு இடமில்லை. போகிறவருக்கு ஆபத்து என்பதை மனம் எப்படியோ ஏற்றுக்கொள்கிறது; வந்துகொண்டிருந்தவர் வராமற்போவதை அது ஏற்க மறுக்கிறது. அன்று அந்த வகுப்பில் பாடம் நடக்கவில்லை.

அந்தப் பெண்ணின் கேள்விக்கு விடையும், பைன் காட்டில் பொறுக்கிய துண்டுகளிலிருந்துதான் கிடைத்தது. ஓடம் புறப்பட்ட 82-ஆவது நொடியில், வெளிப்புற எரிபொருள் கலனிலிருந்து, ஒரு கைப்பெட்டி அளவிலான காப்பு நுரைத் துண்டு பிய்ந்து இடது இறக்கையின் முன்விளிம்பில் மோதியது. அதன் எடை ஒரு கிலோகூட இல்லை. மோதியது மறுநாளே படச்சுருளில் தெரிந்தது. விண்வெளியில் இருக்கும் ஓடத்தைப் படமெடுத்துப் பார்க்க வேண்டும் என்று பொறியாளர்கள் கேட்டார்கள். மேலிடத்தில் அது கைவிடப்பட்டது. நுரை பிய்வது முன்பும் நடந்ததுதான், ஒன்றும் ஆகவில்லையே என்ற பழக்கம். ஜூலை மாதம் அதே அளவு நுரைத் துண்டைச் சோதனைக்காக இறக்கைப் பலகையின் மீது வேகமாக மோதவிட்டபோது, ஒரு மனிதரின் தலை நுழையும் அளவுக்கு அதில் ஓட்டை விழுந்தது. அப்படியொரு ஓட்டை வழியே, திரும்பி வரும்போது கடும் வெப்பம் இறக்கைக்குள் புகுந்துதான் ஓடம் சிதறியது. ஆகஸ்டில் வந்த விசாரணைக் குழுவின் அறிக்கை, நுரைக்கு எவ்வளவு பங்கு உண்டோ அவ்வளவு பங்கு நிறுவனத்தின் மனப்போக்குக்கும் உண்டு என்று எழுதியது. துக்கம் காப்பவர்களுக்குக் கோபப்படவும் உரிமை உண்டு என்று நான் நினைக்கிறேன். விபத்து என்று சொல்லி அழுதுவிட்டுக் கலைந்திருந்தால், அந்த அறிக்கையை எழுதச் சான்று இருந்திருக்காது. மூன்று மாதங்கள் முட்புதருக்குள் நடந்த மனிதர்கள், தாம் அறியாத ஏழு பேருக்காக அந்தச் சான்றைத் தேடிக் கொடுத்தார்கள்.

தேடியவர்களிடம் கிடைத்தவற்றில் ஒன்றை மட்டும் தனியே சொல்ல விரும்புகிறேன். விபத்து நடந்து இரண்டு மாதங்களுக்குப் பின், டெக்சஸின் ஒரு வயல்வெளியில், மழையில் நனைந்து நைந்துபோன காகிதக் கற்றை ஒன்று கிடைத்தது. இலான் ரமோன் விண்வெளியில் கையால் எழுதிய நாட்குறிப்பு. அத்தனை உயரத்திலிருந்து, அத்தனை வெப்பத்தினூடே, 37 பக்கங்கள் பிழைத்து வந்திருந்தன. எருசலேமில் உள்ள இஸ்ரேல் அருங்காட்சியகத்தின் வல்லுநர்கள் ஒட்டிப்போன தாள்களைப் பிரித்து, எழுத்தை மீட்டு, அவருடைய மனைவியிடம் சேர்த்தார்கள். வெகுசில பக்கங்களே பொதுமக்கள் பார்வைக்கு வந்தன. எஞ்சியவற்றைக் குடும்பம் தன்னிடமே வைத்துக்கொண்டது. அதுதான் சரி. உலகமே ஒருவருக்காக அழுதாலும், அவர் வீட்டாருக்கு மட்டுமே உரிய துக்கம் ஒன்று உண்டு.

இந்தியாவில், விபத்து நடந்த நான்காம் நாள், பிரதமர் வாஜ்பாய் நம்முடைய வானிலைச் செயற்கைக்கோளுக்குக் கல்பனா-1 என்று பெயர் சூட்டினார். ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து அதற்கு முந்தைய ஆண்டுதான் புறப்பட்டிருந்த அது, அவர் பெயரோடு பல ஆண்டுகள் மேகங்களைப் படமெடுத்து அனுப்பியது. தமிழக அரசு, துணிவும் சாகசமும் காட்டும் பெண்களுக்குக் கல்பனா சாவ்லா விருது என ஒன்றை நிறுவி, சுதந்திர தினத்தன்று கோட்டையில் வழங்கிவருகிறது.

2020 ஆகஸ்டில் பெரம்பலூர் மாவட்டத்துக் கொட்டரை நீர்த்தேக்கத்தில், குளிக்க இறங்கிய நான்கு இளைஞர்கள் ஆழத்தில் சிக்கினார்கள். துணி துவைத்துவிட்டுக் கிளம்பிக்கொண்டிருந்த மூன்று பெண்கள் அதைப் பார்த்தார்கள். உடுத்தியிருந்த புடவைகளை அவிழ்த்துத் தண்ணீரில் வீசினார்கள். அதைப் பற்றிக்கொண்டு இருவர் கரையேறினார்கள். மற்ற இருவரைக் காப்பாற்ற முடியவில்லை. அந்த ஆண்டு கல்பனா சாவ்லா விருதைச் சென்னைக் கோட்டையில் பெற்றுக்கொண்டவர்கள் அந்த மூன்று பேர்தாம்.

நன்றி. வணக்கம்.