டேஷ்போர்டு 29, கேஜ் 33: கார் காட்டுற டயர் பிரஷர் எவ்வளவு சரி?

[காட்சி: ஊட்டி, விடியற்காலை. கண்ணாடியில் பனி படிந்த கார். டேஷ்போர்டில் நாலு டயருக்கும் 29.]

முந்தின நாள் சென்னையில 35 டிகிரி வெயில்ல, டயர் சூடில்லாதப்போ, நாலுக்கும் 33 பிஎஸ்ஐ காத்து அடிச்சுட்டு கிளம்பின கார் இது. இப்ப ஊட்டியில 12 டிகிரி. ஸ்டார்ட் பண்ணி ஒரு சின்ன ரவுண்டு போனா டேஷ்போர்டு 29-னு காட்டுது. இறங்கி கைல இருக்கற பிரஷர் கேஜை வச்சுப் பார்த்தா 33. நாலு டயரிலும் அதே வித்தியாசம்.

நம்ப வேண்டியது கேஜைத்தான். அதுக்காக கார்ல ஏதோ பழுதுன்னு நினைக்க வேண்டாம். கார் கணக்குப் போடுற விதம் வேற.

[காட்சி: ரிம்முக்குள்ள, வால்வோட அடியில பொருத்தின சென்சாரின் குறுக்குவெட்டுப் படம்.]

வால்வோட உள்முனையில ஒரு சின்னப் பெட்டி. அழுத்தம் அளக்கற சிப், வெப்பம் அளக்கற சிப், ஒரு லித்தியம் பேட்டரி, ஒரு குட்டி ரேடியோ, இவ்வளவுதான் உள்ள. நம்ம ஊர்ல பெரும்பாலும் 433 மெகாஹெர்ட்ஸ்ல எண்ணை அனுப்பும். டயருக்குள்ளயே அடைபட்டு இருக்கறதால வெளிக்காத்தோட அழுத்தம் என்னன்னு அதுக்குத் தெரியாது. உள்ள இருக்கற மொத்த அழுத்தத்தை மட்டும்தான் சொல்லும்.

கேஜ் அப்படி இல்ல. உள்ளழுத்தத்துக்கும் வெளிக்காத்துக்கும் உள்ள வித்தியாசத்தைக் காட்டும். கடல் மட்டத்துல வெளிக்காத்து 14.7 பிஎஸ்ஐ. அதனால சென்னையில கேஜ் 33 காட்டுதுன்னா உள்ள மொத்தம் 47.7. சென்சார் 47.7-னு சொல்லும், காரோட கம்ப்யூட்டர் 14.7-ஐக் கழிச்சு 33-னு காட்டும்.

பல கார்கள் எந்த ஊருக்குப் போனாலும் அதே 14.7-ஐத்தான் கழிக்குது. சிக்கல் இங்கதான். சில கார்கள் இன்ஜினுக்குன்னு இருக்கற வெளிக்காத்து சென்சாரைக் கேட்டு சரியாக் கழிக்கும். அந்த கார்கள்ல இந்த 29 வராது.

[காட்சி: திரையில் கணக்கு, ஒவ்வொரு வரியாக.]

ஊட்டி உயரம் சுமார் 2,240 மீட்டர். அங்க வெளிக்காத்து 11.2 பிஎஸ்ஐ அளவுக்குத்தான் இருக்கும். 35 டிகிரியில இருந்து 12-க்கு இறங்கினதால டயருக்குள்ள மொத்த அழுத்தம் 47.7-ல இருந்து 44.1 ஆகுது. கார் அதுல 14.7-ஐக் கழிச்சா 29.4. உண்மையில கழிக்க வேண்டியது 11.2. விடை 32.9. குளிர் குறைச்சதை மலை உயரம் ஈடு பண்ணிடுச்சு. காரோட பாரத்தைத் தாங்கறது இந்த 32.9-தான். அந்த டயருக்கு ஒரு சொட்டு காத்தும் வேண்டாம்.

29-ஐப் பார்த்து பயந்து, டேஷ்போர்டு 33 காட்டற வரைக்கும் ஊட்டியிலேயே அடிச்சா என்ன ஆகும்? கீழ இறங்கி மறுபடி 35 டிகிரிக்கு வரும்போது, டயர் ஆறின நிலையிலேயே 37 இருக்கும். ஓடின சூட்டுல இன்னும் 3, 4 ஏறும். டயரோட நடுப்பகுதி மட்டும் ரோட்டுல அழுந்தும், நடுவுலயே தேயும், ஈரத்துல பிடிமானம் குறையும்.

சமவெளியிலயே ஓட்டறவங்களுக்கும் சின்னச் சின்ன வித்தியாசம் வரும். சென்சாரே ஒரு பிஎஸ்ஐ முன்னே பின்னே காட்டலாம். டேஷ்போர்டு முழு எண்ணா மாத்தும்போது 32.4-ம் 31.6-ம் ஒரே 32 ஆயிடும். பிஎஸ்ஐக்குப் பதிலா ‘பார்’ங்கற அலகுல காட்டற காரா இருந்தா, ஒரு படி 0.1 பார், அதாவது கிட்டத்தட்ட ஒன்றரை பிஎஸ்ஐ. பத்து டிகிரி வெப்பம் மாறினா 1.6 பிஎஸ்ஐ மாறும். வெயில் படற பக்கத்து டயர் ரெண்டும் நிழல் பக்கத்தை விட ஒண்ணு ரெண்டு கூட காட்டினா, அது அந்த வெயில்தான். இதுக்கெல்லாம் சர்வீஸ் சென்டருக்கு ஓட வேண்டாம்.

[காட்சி: பெட்ரோல் பங்க். காத்து ஏறுது, டேஷ்போர்டு எண் அசையல.]

அடிக்கடி நடக்கற தப்பு இது. சென்சார் பேட்டரியை மிச்சப்படுத்த, வண்டி நின்னா தூங்கிடும். பெரும்பாலும் 25 கிலோமீட்டர் வேகத்தைத் தாண்டினதும்தான் முழிச்சு, அரை நிமிஷத்துக்கோ ஒரு நிமிஷத்துக்கோ ஒரு தடவை எண் அனுப்பும். பங்க்ல நின்னுட்டு டேஷ்போர்டைப் பார்த்துப் பார்த்து காத்து அடிச்சா, பழைய எண்ணைத்தான் பார்த்துட்டு இருப்பீங்க. சில கார்கள்தான் நின்ன இடத்துலயே எண்ணைப் புதுப்பிக்கும்.

அடுத்தது, டயர்ல காத்து குறைஞ்சா டேஷ்போர்டுல எரியற மஞ்சள் விளக்கு. 2000-ல ஃபயர்ஸ்டோன் டயர் கம்பெனி 65 லட்சம் டயர்களைத் திரும்பப் பெற்ற பிறகு அமெரிக்காவுல இதுக்குச் சட்டம் வந்துச்சு. 2007 செப்டம்பர்ல இருந்து அங்க எல்லா புதுக் கார்லயும் கட்டாயம். அந்த விதிப்படி, கார் கம்பெனி குறிப்பிட்ட பிரஷர்ல இருந்து 25 சதவீதம் குறைஞ்சா விளக்கு எரியணும். ஐரோப்பாவுல 20 சதவீதம். 33-ல 25 சதவீதம் குறைஞ்சா 24.75. அப்படி அமைச்ச காருல 26-ல ஓட்டினாலும் விளக்கு எரியாம இருக்கலாம். டயரோட ரெண்டு ஓரமும் தேஞ்சு, பக்கச்சுவர் சூடாகி, மைலேஜும் குறைஞ்சுட்டு இருக்கும். பஞ்சரைச் சீக்கிரம் சொல்றதுல இந்த விளக்கு அருமையான காவல்காரன். விளக்கு எரியலைங்கறதுக்காக காத்து சரியா இருக்குன்னு அர்த்தம் இல்ல.

டேஷ்போர்டுல எண்ணே வராம விளக்கு மட்டும் இருக்கற கார்கள் உண்டு. பலதுல டயருக்குள்ள சென்சாரே கிடையாது. காத்து குறைஞ்ச சக்கரத்தோட ஆரம் கொஞ்சம் சுருங்கி, மத்ததை விட வேகமாச் சுத்தும். பிரேக் போடும்போது சக்கரம் பூட்டிக்காம பார்த்துக்கற ஏபிஎஸ்-க்குன்னு, சக்கரம் சுத்தற வேகத்தை அளக்கற சென்சார் அதைக் கண்டுபிடிக்கும். நாலு டயரும் மாசக்கணக்குல ஒரே மாதிரி இறங்கினா இந்த முறை தடுமாறும். காத்து அடிச்சதும், டயர் மாத்தினதும் ரீசெட் பண்ணியே ஆகணும். 27-ல வச்சுட்டு ரீசெட் அழுத்தினா, கார் 27-ஐத்தான் சரின்னு எடுத்துக்கும்.

[காட்சி: வால்வுல நேரா அழுத்தி வச்ச கேஜ், அருகில்.]

உங்க கார் எவ்வளவு தள்ளிக் காட்டுதுன்னு பார்க்க ஒரு காலை போதும். வண்டி மூணு மணி நேரமாவது நின்னிருக்கணும், வெயில் படக்கூடாது. ஓட்டுநர் கதவுத் தூண்ல இருக்கற ஸ்டிக்கர்ல உங்க காருக்கான எண்ணைப் பாருங்க. கேஜை வால்வுல நேரா அழுத்துங்க, உஸ்ஸுன்னு காத்து கசிஞ்சா அந்த அளவைக் கணக்குல எடுக்காதீங்க. ஒவ்வொரு டயரையும் மூணு தடவை அளந்து எழுதிக்கோங்க. உடனே ஒரு கிலோமீட்டர், 30 வேகத்துக்கு மேல போய், டேஷ்போர்டு எண்ணை அதுக்குப் பக்கத்துல எழுதுங்க. நாலும் ஒரே அளவு தள்ளி இருந்தா, உங்க கேஜோட பிழையோ ஊரோட உயரமோ காரணம். ஒண்ணு மட்டும் மூணுக்கு மேல விலகினா அந்த சென்சாரைச் சந்தேகப்படலாம்.

கேஜ் வாங்கும்போது 0 முதல் 60 வரைக்கும் உள்ளது நல்லது. 100 வரைக்கும் போற டயல் கேஜ்ல 2 சதவீதப் பிழைன்னு போட்டிருந்தா, அது முழு அளவுக்கான சதவீதம். 33-லயும் 2 பிஎஸ்ஐ தப்பலாம்.

விளக்கு ஸ்டார்ட் பண்ணதும் ஒரு நிமிஷத்துக்கு மேல மினுக்கிட்டு, அப்புறம் நிலையா எரிஞ்சா, அது காத்துக் குறைவு இல்ல, சிஸ்டத்துலயே கோளாறு. அஞ்சாறு வருஷம் ஓடின காரா இருந்தா முதல் சந்தேகம் சென்சார் பேட்டரி மேல. பெரும்பாலும் அதைத் தனியா மாத்த முடியாது, சென்சாரோட மாத்தணும். அடுத்த சந்தேகம் பஞ்சர் கடை. டயரை ரிம்ல இருந்து பிரிக்கற மெஷின் வால்வு பக்கத்துல அழுத்தினா சென்சார் நொறுங்கிடும். “அண்ணே, வால்வுல சென்சார் இருக்கு, அந்தப் பக்கம் அழுத்தாதீங்க”ன்னு முன்னாடியே சொல்லிடுங்க. பஞ்சர் அடைக்க ஊத்தற திரவம் சென்சாரோட குட்டித் துளையை அடைச்சா எண் மாறாம அப்படியே நிக்கும். டயர்களை இடம் மாத்திப் போட்டா, சில கார்களுக்குப் புது இடத்தைச் சொல்லிக் கொடுக்கணும். இல்லன்னா முன்னாடி பஞ்சரானதைப் பின்னாடின்னு காட்டும்.

[காட்சி: டிக்கியைத் திறந்து, ஸ்டெப்னி.]

ஸ்டெப்னியில பெரும்பாலும் சென்சார் இருக்காது. அதை மாட்டினா அந்தச் சக்கரத்துக்கு வெறும் கோடுதான் வரும், விளக்கும் எரியும். பயப்பட வேண்டாம். ஆனா டிக்கியில கிடக்கறப்போ அதோட காத்தை கார் கவனிக்காது. மாசம் ஒரு தடவை நீங்கதான் கேஜ் வைக்கணும். மத்த டயரை விட ஒல்லியான ஸ்டெப்னியா இருந்தா அதுக்கு வேண்டியது பெரும்பாலும் 60 பிஎஸ்ஐ. டயர் பக்கச்சுவர்லயே எழுதியிருக்கும்.