ஒரே எழுத்தில் ஆறு தலைமை

லத்தீனில் துக்ஸ் என்றால் முன்னால் நடந்து மற்றவர்களைக் கூட்டிப்போகிறவன், படைத்தலைவன். அவன் வகிக்கும் தலைமைக்குப் பெயர் துகாத்துஸ். இன்றைக்கு இந்த ஒரு சொல்லை மட்டும் பிடித்துக்கொள்வோம். பயப்படாதீர்கள், பரீட்சை கிடையாது.

தமிழில் தலைமைகளை என்றால் கள் தனியாக, ஐ தனியாகக் கழற்றி வைத்துவிடலாம். லத்தீனில் அது நடக்காது, 'தலைமைகளுக்கு' என்று பொருள்படும் துகாத்திபுஸ் என்பதில் பன்மை எதுவரை, 'க்கு' எங்கிருந்து என்று யாராலும் வெட்டிக் காட்ட முடியாது. அதைவிட வம்பு ஒன்று இருக்கிறது. துகாத்துஸ் என்று குறிலில் முடித்தால் எழுவாய், ஒருமை. துகாத்தூஸ் என்று நெடிலில் முடித்தால் 'தலைமையின்', 'தலைமைகள்', 'தலைமைகளை' மூன்றும் அதுதான். இரண்டு விளியையும் சேர்த்தால் ஆறு. எழுதும்போது குறில் நெடில் காட்டுவது அபூர்வம் என்பதால் ஆறும் ஒரே தோற்றம் (நம் ஓலைச்சுவடியில் எகரமும் ஏகாரமும் ஒன்றாகக் கிடந்த மாதிரிதான்).

அப்புறம் எப்படிப் படிப்பது? பக்கத்துச் சொல்லைப் பார்த்துத்தான். நீரோ மன்னன், தன் மனைவி பொப்பேயாவின் முதல் கணவருக்குப் பிறந்த சிறுவனை, மீன்பிடிக்கப் போன இடத்தில் அவனுடைய அடிமைகளைக் கொண்டே கடலில் மூழ்கடிக்கச் சொன்னான் என்று ரோமானிய வரலாற்றாசிரியர் சுவெதோனியுஸ் எழுதுகிறார். குற்றம் என்ன? 'துகாத்தூஸ், இம்பெரியா' விளையாடினானாம். இம்பெரியா, அதாவது 'ஆட்சிகள்', பன்மை, அதோடு ஒட்டி வருவதால் இதுவும் பன்மை, செயப்படுபொருள். சரி, இலக்கணம் முடிந்தது. தளபதி விளையாட்டு, ராஜா விளையாட்டு, எந்தத் தெருவில் பிள்ளைகள் ஆடாதது? அந்த வரியை வகுப்பில் வெறும் உதாரணமாகக் கடந்துபோக என்னால் முடிவதில்லை.

பிற்காலத்தில் தலைமை என்ற சொல்லே தலைவன் ஆளும் நிலத்துக்குப் பெயராகி, பிறகு காசுக்கும் பெயராயிற்று. 1140இல் சிசிலி மன்னர் இரண்டாம் ரோஜரின் வெள்ளிக்காசு, 1284இல் வெனிஸின் தங்க டுகாட், மூன்றரை கிராம் எடை. அந்தத் தங்கக்காசில் வெனிஸின் தலைவர் புனித மாற்குவின் முன் மண்டியிட்டுக் கொடிக்கம்பம் பிடித்திருப்பார், கம்பத்தோரம் மேலிருந்து கீழாக 'துக்ஸ்'. மறுபக்கம், 'கிறிஸ்துவே, நீர் ஆளும் இந்தத் துகாத்துஸ் உமக்கே ஆகட்டும்' என்ற வரி. 'இஸ்தே', அதாவது 'இந்த', என்ற சுட்டு ஒருமையில் நிற்பதால் இங்கே எழுவாய் என்று உடனே பிடிபடும்.

வணிகத்தோடு அந்தக் காசு தென்னிந்தியாவுக்கும் வந்து கழுத்தில் ஏறியது. எழுத்து யாருக்குப் புரிந்தது? படத்தைப் பார்த்தார்கள், கம்பம் பனைமரமாயிற்று, அதைப் பிடித்திருந்த துக்ஸ் பனையேறியானார்.