மலை வீட்டு ரஜாய்க்கு பிளாக் பிரின்ட் உறை

நேயர்களுக்கு வணக்கம்.

ஊட்டி, குன்னூர்ப் பக்கம் ரஜாயோ, அதாவது பஞ்சு அடைத்த போர்வையோ, கம்பளியோ இல்லாத வீடு கிடையாது. ரஜாய்க்கு பிளாக் பிரின்ட், அதாவது மரக்கட்டையால் அச்சிட்ட, பருத்தி உறை வாங்கப் போனால் கண் முதலில் நிறத்தைத் தேடும், அப்புறம் விலையை. சமவெளிக்கு அது போதும். இங்கே இன்னொன்றும் கேட்க வேண்டும்: மழைக்காலத்தில் இது காயுமா?

உறை இரட்டைத் துணி. கொடியில் மடித்துப் போட்டால் நான்கு அடுக்கு. புதுத் துணியில் ஒட்டாத சாயம் கொஞ்சம் இருக்கத்தான் செய்யும். மதுரை வெயிலில் சட்டென்று காய்ந்துவிடும். சாயம் நகர நேரமில்லை. ஊட்டியில் ஜூலை மாதம் இரண்டு நாளானாலும் ஈரம் போகாது. அதற்குள் சிவப்புப் பூ எதிர்ப்பக்க வெள்ளையில் இறங்கிவிடும். வாளியைவிடக் கொடியில்தான் இங்கே கறை பிடிக்கிறது.

"முதல் துவைப்பில் ஒரு பிடி கல்லுப்பு போடுங்க, சாயம் நிக்கும்" என்று கடையிலேயே சொல்லி அனுப்புவார்கள். நிற்காது. உப்புக்கு வேலை சாயத்தொட்டியில். தண்ணீரில் கரைந்த சாயத்தை நூல் பக்கம் தள்ள அங்கே போடுகிறார்கள். நூலோடு பிணைப்பது வேறு பொருள்: ரியாக்டிவ் சாயத்துக்குச் சோடா, அலிசரின் சிவப்புக்குப் படிகாரம். அச்சிட்ட இடத்தில் அது சரியாக நடக்காவிட்டால் நம் வீட்டு உப்பு ஒன்றும் செய்யாது. வினிகரும் அப்படித்தான். திரும்பவும் சொல்கிறேன், உப்பு வேண்டாம். ஊறவைக்காமல், தனியாக, பச்சைத் தண்ணீரில், தண்ணீர் தெளியும்வரை மூன்று நான்கு முறை அலசுங்கள். அலசியதைக் குவித்து வைக்காதீர்கள். உள்பக்கத்தை வெளியே திருப்பி, ஓரடி இடைவெளியில் இரண்டு கொடி கட்டி, உறையின் வாயில் ஒரு விளிம்பை இதிலும் மறு விளிம்பை அதிலும் கிளிப் போட்டு மாட்டுங்கள். நடுவில் காற்று போகும். மலை வெயிலில் புற ஊதாக் கதிர் அதிகம்; உள்பக்கம் வெளியே இருப்பதால் பூ அவ்வளவாக வெளுக்காது.

கடையில் ஒரு கைக்குட்டை போதும். வெள்ளைக் கைக்குட்டையை நனைத்துக் கருப்பிலும் சிவப்பிலும் பத்துத் தடவை தேய்த்துப் பாருங்கள். லேசான சாயல் பரவாயில்லை. பளிச்சென்று ஒட்டினால் அங்கேயே வைத்துவிடுங்கள். துணி கேம்பிரிக்காக, அதாவது நெருக்கமாக நெய்த பருத்தியாக, இருக்கட்டும். மெல்லிய மல் துணி அழகுதான், ரஜாய் கனத்துக்குத் தையலில் விட்டுவிடும். தடித்த துணி காயவே காயாது. மொடமொடவென்று இருந்தால் கஞ்சி; கஞ்சியில் பூஞ்சணம் பிடிக்கும். அந்தக் கறுப்புப் புள்ளிக்கு பிளீச் போட்டால் பூவும் சேர்ந்து போகும்.

கையச்சா என்று தெரிய வேண்டுமா? ராஜஸ்தானில் பிளாக் பிரின்ட்டுக்குப் பெயர்போன சாங்கானேர், பக்ரு ஊர்களின் வேலையில் கட்டையும் கட்டையும் சேரும் இடத்தில் கோடு மயிரிழை விலகியிருக்கும். சில அங்குலத்துக்கு ஒருமுறை அது வரும். எங்கும் பிசகே இல்லையென்றால் பெரும்பாலும் மெஷின். மெஷின் அச்சு பாவமில்லை, கையச்சு விலை கொடுக்காதீர்கள், அவ்வளவுதான்.

கண்ணாடிக்கு அந்தப் பக்கமிருந்து சைகை வந்துவிட்டது. அளவை மட்டும் சொல்லிவிடுகிறேன். 60க்கு 90 அங்குல ரஜாய் என்றால், துவைத்துச் சுருக்காத உறை 63க்கு 94 வேண்டும். பெரும்பாலும் துணி அகலம் 44 அங்குலம்தான், நடுவே ஒட்டு இருக்கும். அதன் தையலை இழுத்துப் பாருங்கள். உள்மூலை நான்கிலும் ரஜாயைக் கட்ட நாடா. உலோக ஜிப் வேண்டாம், துருப்பிடிக்கும். பட்டன், ஆறு அங்குலத்துக்கு ஒன்று. நன்றி, வணக்கம்.