பச்சைக் குழந்தைக்குக் கண் சிவந்தால் இந்தப் பாட்டிலைத் தொடாதீர்கள்!

வணக்கம் மக்களே! கைக்குழந்தைக்குக் கண் சிவந்து, காலையில் இமை ஒட்டிக் கிடந்தால், நம் குமரி மாவட்டத்து வீடுகளில் என்ன நடக்கும்? ஒருவர் தாய்ப்பாலைப் பீய்ச்சச் சொல்வார், இன்னொருவர் நந்தியாவட்டைப் பூவைப் பிழியச் சொல்வார். இரண்டுமே வேண்டாம். நான் பயப்படுவது மூன்றாமவரைப் பார்த்துத்தான். அவர் அலமாரியைத் திறந்து, தாத்தாவின் கண்புரை ஆபரேஷனுக்குக் கொடுத்த சொட்டு மருந்தை எடுப்பார்.

பின்னணி சுருக்கமாக: மெட்ராஸ் ஐ பெரும்பாலும் அடினோ வைரஸால் வருகிறது. ஆன்டிபயாட்டிக் அதைக் கொல்லாது. ஒன்றிரண்டு வாரத்தில் தானாகவே சரியாகும்.

(திரையில்: அந்தச் சொட்டு மருந்துப் பாட்டில், மிக அருகில்)

இந்தப் பொடி எழுத்தைப் படியுங்கள். டெக்சாமெத்தசோன், பிரெட்னிசொலோன் என்று இருக்கிறதா? அது ஸ்டீராய்டு. ஆபரேஷன் செய்த கண்ணுக்கு நல்ல மருந்துதான். குழந்தைக்கு விட்டாலும் சிவப்பு சட்டென்று குறையும், வீடே நிம்மதியாகிவிடும். ஆனால் உள்ளே இருப்பது ஹெர்பிஸ் வைரஸ் என்றால்? ஸ்டீராய்டு உடம்பின் எதிர்ப்பை அடக்கிவிடும். கருவிழியில் புண் பரவும், தழும்பு விழும், பார்வையே போகலாம். ஹெர்பிஸுக்கு ஏசைக்ளோவிர் என்ற மருந்து இருக்கிறது. ஆனால் எந்த வைரஸ் என்று வீட்டில் யாராலும் சொல்ல முடியாது. தயவுசெய்து இந்த இடத்தை மட்டுமாவது குடும்ப வாட்ஸ்அப் குழுவில் போடுங்கள்.

அப்படியானால் வீட்டில் என்ன செய்யலாம்? துடைக்கலாம். கொதித்து ஆறிய நீரில் பஞ்சை நனைத்து, மூக்குப் பக்கமிருந்து வெளிப்பக்கமாக ஒரே இழுப்பு. அந்தப் பஞ்சு குப்பைக்கு. அடுத்த இழுப்புக்குப் புதுப் பஞ்சு, அடுத்த கண்ணுக்கும் அப்படியே. முன்னும் பின்னும் சோப்பு போட்டுக் கை கழுவுங்கள், சானிடைசரை நம்பாதீர்கள். துண்டு தனி. கண்மை கூடாது. கோட்டாறு சவேரியார் திருவிழா நேரமென்றால் குழந்தையைக் கைமாற்றிக் கொஞ்சுவதையும் கொஞ்சம் தள்ளிவையுங்கள்.

பிறந்து 28 நாளுக்குள் கண் சிவந்தாலோ சீழ் வந்தாலோ காத்திருக்கவே கூடாது. பிரசவத்தின்போது தாயிடமிருந்து தொற்றும் கொனோரியா போன்ற பால்வினை நோய்க் கிருமிகள் கருவிழியைச் சீக்கிரமே துளைத்துவிடும். அன்றைக்கே ஆசாரிபள்ளம் மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கோ, பக்கத்தில் கண் டாக்டர் இருக்கும் இடத்துக்கோ போங்கள். வளர்ந்த குழந்தைக்கும் இமை வீங்கித் திறக்க முடியாமல் போனாலோ, வெளிச்சத்துக்கு முகம் திருப்பினாலோ, கண்ணருகே கொப்புளம் வந்தாலோ, காய்ச்சலோடு பால் குடிக்க மறுத்தாலோ இதேதான். ஏற்கெனவே ஏதாவது சொட்டு விட்டிருந்தால் அந்தப் பாட்டிலையும் கையோடு எடுத்துப்போய் டாக்டரிடம் காட்டுங்கள். திட்டுவார் என்று மறைக்க வேண்டாம்.